ஏட்டுச் சுரைக்காயும் கரிவளிச் சுழலியும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்பது தமிழர்தம் முதுமொழி. ஏட்டை இகழ்வதற்காக எழுந்த மொழியன்று அது. ஏடு வேறு, காய் வேறு என்பதை மறந்து, எழுதிய சுரைக்காயை அரிவதற்கு அரிவாள்மணையைத் தேடுவானைப் பார்த்துச் சொல்லப்பட்டது. இற்றை நாளில் ஏட்டின் இடத்தில் கணிப்பொறித் திரை வந்து அமர்ந்திருக்கின்றது. திரையில் சுழலும் பொறியைக் கண்டு, மண்ணில் சுழலும் பொறி கைக்கு வந்துவிட்டதாக மகிழும் மயக்கமும் உடன் வந்திருக்கின்றது. அம்மயக்கம் எங்கெங்கோ உண்டெனினும், மீமாறுநிலைக் கரிவளியால் இயங்கும் சுழலியைப் பற்றிய ஒப்புருக் கணிப்பில் அது கேடு பயப்பதாய் உள்ளது. கரணியம், அப்பொருளின் இயல்பே ஏட்டுக்கு எளிதில் அடங்காத இயல்பு.

செய்தியை அடியிலிருந்து காண்போர்க்கே இது விளங்கும். நிலக்கரியை எரித்தாலும், அணுவைப் பிளந்தாலும், கதிரவன் வெம்மையை ஆடிகளால் குவித்தாலும், இறுதியில் பெரும்பாலும் நடப்பது ஒன்றே: நீரைக் கொதிக்க வைத்து, நீராவியைச் சுழலியின் இதழ்கள்மேல் மோதவிட்டு, அது சுழலும் சுழற்சியால் மின்னைப் பெறுகின்றனர். சார்லசு பார்சன்சு என்பார் 1884-ஆம் ஆண்டில் நீராவிச் சுழலியை அமைத்த நாள் முதல் இம்முறையே உலகெங்கும் ஓங்கி நிற்கின்றது. ஆயின் நீராவிக்கு ஒரு குறை. சுழலியின் கடைசிப் பகுதியில் அது மிகக் குறைந்த அழுத்தத்திற்கு இறங்கிப் பன்மடங்கு விரிந்துவிடும். விரிந்த ஆவிக்கு இடம் கொடுக்க, ஆளுயரத்தை நெருங்கும் இதழ்களும் மாளிகையை ஒத்த பொறிக்கூடங்களும் வேண்டியுள்ளன.

நீருக்கு மாற்றாகக் கரிவளியையே ஏன் சுழற்றக்கூடாது என்று 1968-ஆம் ஆண்டில் இருவர் தனித்தனியே எழுதினர். ஒருவர் அமெரிக்காவின் பெகர்; மற்றொருவர் இத்தாலி நாட்டு மிலான் நகரத்து ஆஞ்செலினோ. கரிவளியாவது, பள்ளிப் பொத்தகங்கள் கார்பன் டை ஆக்சைடு என்று ஒலிபெயர்த்து எழுதும் அதே வளிதான். மூச்சில் வெளிவருவது, சோடாப் புட்டியில் பொங்குவது. அதனை மூடிய சுற்று ஒன்றில் அடைத்து, அழுத்தி, சூடேற்றி, சுழலியில் விரியவிட்டு, குளிர்வித்து, மீண்டும் அழுத்துவது அவர்தம் கருத்து. அக்காலத்தில் அது பொறியாக உருப்பெறவில்லை. அமெரிக்காவின் மாசாச்சுசெட்டு தொழில்நுட்பக் கழகத்தில் 2004-ஆம் ஆண்டு தொசுதால் என்னும் ஆய்வாளர் அளித்த ஏடே அதனை மறுபடியும் பலர் பார்வைக்குக் கொணர்ந்தது.

இனி, 'மீமாறுநிலை' என்பது யாது? 1860-களில் அயர்லாந்தின் பெல்ஃபாசுட்டு நகரத்தில் தாமசு ஆண்ட்ரூசு என்னும் வேதியலாசிரியர், மயிரிழை போன்ற கண்ணாடிக் குழல்களில் கரிவளியை அடைத்து, பாதரசம் என்று வழங்கும் இதளால் அதனை நெருக்கிப் பார்த்தார். குளிர்ந்த நிலையில் நெருக்கினால் வளி நீர்மமாயிற்று. இரண்டிற்கும் இடையே தெளிவான ஒரு மேற்கோடு தெரிந்தது. மெல்லச் சூடேற்றினார். கோடு மங்கியது, ஒரு குறிப்பிட்ட வெப்பத்தில் முற்றும் மறைந்தது. அதற்கு மேல் எவ்வளவு நெருக்கியும் நீர்மம் தனியே பிரியவில்லை. குழல் முழுவதும் ஒரே பொருள். அதனை வளியென்பதா, நீர்மமென்பதா? இரண்டுமாம், இரண்டுமன்றாம். அந்த வெப்பம் 30.92 பாகை என்று 1869-ஆம் ஆண்டு இலண்டன் அரச குமுகத்தில் அவர் ஆற்றிய சொற்பொழிவு கூறிற்று. இன்றைய கருவிகள் கூறும் அளவு 30.98 பாகை. கண்ணாடிக் குழலும் இதளும் கொண்ட ஒரு மாந்தன், ஒன்றரை நூற்றாண்டுக்கு முன், பாகையில் பத்தில் ஒரு பங்கு கூடப் பிழைக்கவில்லை. இதனை ஈண்டு நினைவில் இருத்துதல் வேண்டும். பின்னர் இதன் பயன் தெரியும்.

அவ்வெப்பமும், அதற்குரிய 73.8 பார் அழுத்தமும் சேர்ந்த இடமே மாறுநிலைப் புள்ளி. ஒரு பார் என்பது ஏறக்குறைய நிலவுலகின்மேல் காற்று அழுத்தும் அளவு. இரண்டையும் கடந்த நிலை மீமாறுநிலை. ஆங்கிலச் சொல்லை அப்படியே ஒலிக்கும் மாணவன் 'சூப்பர் கிரிட்டிக்கல்' என்று கேட்டதும் ஏதோ கடுமையான நோய்நிலை என்று எண்ணினாலும் எண்ணுவான். 'நிலை மாறும் இடம்' என்று தமிழில் சொன்ன அளவிலேயே ஆண்ட்ரூசின் குழலில் கோடு மறைந்த காட்சி கண்முன் வந்துவிடுகின்றது. இஃது இருக்க.

நீருக்கும் அத்தகைய புள்ளி உண்டு. ஆனால் அது 374 பாகையும் 220 பாரும் ஆகும். கரிவளிக்கோ வெறும் 31 பாகை. இங்கேதான் பொறியாளர்க்கு நாவூறுகின்றது. ஏனெனில், இப்புள்ளியின் அருகே கரிவளி நீர்மத்தைப் போல் அடர்ந்து நிற்கும். அடர்ந்த பொருளை அழுத்த ஆற்றல் குறைவாகவே வேண்டும். பொதுவான வளிமச் சுழலி ஒன்றில், சுழலி ஈனும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதியைக் காற்றை அழுத்தும் அமுக்கியே விழுங்கிவிடுகின்றது. விளைச்சலில் பாதியை விதைக்கே எடுத்து வைக்கும் உழவன் நிலை அது. கரிவளியை மாறுநிலைப் புள்ளியின் அருகே அழுத்தினால் அவ்விதைநெல் பெரிதும் குறையும். மேலும், சுற்றின் மிகத் தாழ்ந்த அழுத்தமே 75 பார் அளவில் நிற்பதால், வளி எங்கும் பெரிதாக விரிவதில்லை. ஆகவே சுழலியும் சிறுத்துவிடும். 10 மெகாவாட்டு ஈனும் சுழலியை ஓர் எழுதுமேசை அளவிற்குள் அடக்கலாம் என்பது வெறும் பேச்சன்று. 700 பாகை வெப்பத்தில் பயனுறுதிறன் நூற்றுக்கு 50-ஐ எட்டும் என்பதும் பல ஏடுகள் கூறும் கணக்கு.

கணக்கு என்று சொன்ன இடத்திலேதான் நின்று பார்த்தல் வேண்டும். அந்தக் கணக்கை இடுவது யார்? எதனைக் கொண்டு இடுவது?

ஒப்புருக் கணிப்பு என்பது மாயமன்று. பாய்மம் ஒன்று எவ்வாறு ஓடும் என்பதற்கான சமன்பாடுகளைப் பிரெஞ்சு நாட்டு நேவியர் 1822-லும், கேம்பிரிட்சில் பயின்ற சுடோக்சு 1845-லும் எழுதி வைத்தனர். வளைந்த இதழ்களின் ஊடே பாயும் ஓட்டத்திற்கு அச்சமன்பாடுகளைக் கையால் தீர்த்தல் இயலாது. எனவே சுழலியின் உள்ளிடத்தை நூறாயிரக்கணக்கான சிறுசிறு கண்ணறைகளாகப் பகுத்து, ஒவ்வொரு கண்ணறையிலும் எவ்வளவு பொருள் புகுகின்றது, எவ்வளவு வெளிப்படுகின்றது, அழுத்தம் என்ன, வெப்பம் என்ன என்று கணிப்பொறி மறுபடியும் மறுபடியும் கூட்டிக் கழித்துக்கொண்டே போகும். ஒவ்வொரு கண்ணறையும் அண்டைக் கண்ணறையோடு ஒத்துப்போகும் வரை அது நில்லாது. இறுதியில் செம்மை, மஞ்சள், நீலம் என வண்ணம் தீட்டிய படமாகத் திரையில் காட்டும். பெரும் உழைப்பு, ஐயமில்லை. அதனைப் பழிப்பார் அறியாதாரே.

ஆனால் ஒவ்வொரு கண்ணறையிலும் கணிப்பொறி ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும்: 'இந்த அழுத்தத்தில், இந்த வெப்பத்தில், கரிவளியின் அடர்த்தி என்ன?' இக்கேள்விக்கு விடை சமன்பாட்டில் இல்லை. கண்ணாடிக் குழலில்தான் இருக்கின்றது. யாரோ ஒருவர் எங்கோ ஓர் ஆய்வகத்தில் உண்மைக் கரிவளியை அடைத்து அளந்து சொன்னால்தான் அதற்கு விடை உண்டு.

நல்லியல்பு வளிமம் என்று பள்ளியில் கற்பிக்கும் எளிய வாய்பாட்டைப் போட்டால் என்ன ஆகும்? 80 பார் அழுத்தத்தில் 40 பாகையில் அது தரும் அடர்த்தி, ஒரு கனமீட்டருக்கு 135 கிலோகிராம். உண்மை 278. சரி, இரண்டு மடங்குப் பிழை. 35 பாகைக்கு வந்தால் வாய்பாடு 137 என்கின்றது, உண்மை 419. மூன்று மடங்கு. 30 பாகையில் வாய்பாடு 140 என்று சொல்லிக்கொண்டிருக்க, உண்மைக் கரிவளி 700-ஐ எட்டி நீர்மமாய்க் கிடக்கின்றது. ஐந்து மடங்கு! பத்துப் பாகை இடைவெளியில் வாய்பாட்டின்படி அடர்த்தி அசையவே இல்லை. உண்மையிலோ அது மலைச்சரிவுபோல் வீழ்கின்றது. பிழை பெரிது என்பதைவிட, பிழையின் அளவே பாகைக்குப் பாகை மாறுகின்றது என்பதே கொடிது. ஒரே எண்ணால் பெருக்கித் திருத்திவிடவும் வழியில்லை.

நெதர்லாந்தின் வாண்டெர்வாலசு 1873-ஆம் ஆண்டில் தம் ஆய்வேட்டில் இதனைவிடச் சிறந்த சமன்பாடு ஒன்று தந்தார்; ஆண்ட்ரூசின் அளவைகளே அவருக்கு உரைகல்லாய் நின்றன. வளியும் நீர்மமும் ஒரே கோட்டில் தொடர்வன என்பதை அது காட்டிற்று. 1910-இல் நோபெல் பரிசும் பெற்றுத் தந்தது. ஆயினும் மாறுநிலைப் புள்ளியில் அழுத்தம், பருமன், வெப்பம் ஆகியவற்றைப் பிணைக்கும் எண் எல்லாப் பொருளுக்கும் 0.375 என்று அது விதிக்கின்றது. கரிவளி அதற்குக் கட்டுப்படாமல் 0.27 என்று நிற்கின்றது. பிறகு வந்தோர் பலர் திருத்தினர். செருமனியின் போக்கும் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுபான், வாக்னர் என்னும் இருவர் 1996-இல் வெளியிட்ட சமன்பாடே இன்றுவரை அளவுகோலாய் நிற்பது. அதன் மையப்பகுதியில் மட்டும் 42 உறுப்புகள். அழகில்லாத, நீண்ட, மனப்பாடத்திற்கு அடங்காத சமன்பாடு. ஆனால் பல நாட்டு ஆய்வகங்களில் பல்லாண்டுகளாகக் கண்விழித்து அளந்த அளவைகளை வடித்தெடுத்த சாறு அது. அதனால்தான் அது பொய்ப்பதில்லை.

அந்தச் சமன்பாட்டை ஒவ்வொரு கண்ணறையிலும் ஒவ்வொரு சுற்றிலும் தீர்ப்பது கணிப்பொறிக்கே பெருஞ்சுமை. எனவே முன்கூட்டியே ஓர் அட்டவணை போட்டுவைத்து, இடையில் வரும் எண்களை இரு பக்கத்து எண்களைக் கொண்டு இட்டு நிரப்புவது வழக்கம். அட்டவணையின் வரிகள் நெருக்கமாக இருந்தால் பழுதில்லை. பாகைக்கு ஒருவரி, ஐந்து பாகைக்கு ஒருவரி என்று அகலமாக இருந்தால், மலைச்சரிவின் மேலிருந்து கீழிருக்கும் ஊருக்கு நேராகக் கயிறு கட்டி, அந்தக் கயிறே நிலம் என்று சொன்ன கதையாகும். இக்குறை விடையின் முகத்தில் தெரியாது. படம் அழகாகவே வரும். கூட்டல் கழித்தல் எல்லாம் ஒத்துப்போகும். ஓலையில் ஓர் எழுத்துப் பிறழ்ந்திருக்க, அப்பிறழ்ந்த பாடத்துக்கே இலக்கணம் அமைத்து உரைகண்ட உரையாசிரியரைத் தமிழ் கற்றோர் அறிவர். உரை தெளிவாகவே இருக்கும், பாடம்தான் பிழை.

இன்னும் ஒரு வலை உண்டு. சுழலி வேலை செய்யுமிடம் 700 பாகையும் 250 பாரும் ஆகும். அந்தக் கொடுவெப்பத்தில் கரிவளி பெரும்பாலும் அடங்கி ஒடுங்கி, நல்லியல்பு வளிமத்தை ஒட்டியே நடந்துகொள்கின்றது. ஆகவே சுழலியை மட்டும் தனியே எடுத்துக் கணித்தவர்க்கு எளிய வாய்பாடும் நல்ல விடையே தரும். அவ்விடையைக் கண்டு துணிந்து, அதே வாய்பாட்டோடு அமுக்கிக்குள் நுழைந்தால் எல்லாம் குலைந்துபோகும். மாறுநிலைப் புள்ளியின் அருகே நிற்பது அமுக்கிதானே. சுழலியும் அமுக்கியும் ஒரே தண்டில் சுழல்பவை. ஒன்றின் விளைச்சலைத்தான் மற்றது உண்கின்றது. உண்பதைத் தவறாகக் கணித்தவன், மிச்சத்தைச் சரியாகச் சொல்ல எங்ஙனம் இயலும்? சுழலியின் பயனுறுதிறன் நூற்றுக்கு 90 என்று தனியே எழுதிக்காட்டும் ஏடுகளைப் படிப்போர், அமுக்கி எங்கே என்று முதலில் வினவுதல் தகும்.

ஓட்டத்தின் கொந்தளிப்பும் அத்தகையதே. சுழலிக்குள் ஓடுவது அமைதியான ஆற்றோட்டமன்று. சுழியுள் சுழி, அதனுள் சுழி. மிக நுண்ணிய சுழி வரை கணக்கிடக் கணிப்பொறி எதுவும் பொறியின் முழு அளவில் போதாது. அதனால் சுழிகளின் கூட்டு விளைவைச் சில மாறா எண்களால் குறிக்கின்றனர். அவற்றுள் பெயர்பெற்ற தொகுதி, லாண்டரும் சுபால்டிங்கும் இலண்டனில் 1970-களின் தொடக்கத்தில் அமைத்தது, அதில் 0.09 என்னும் எண் இன்றும் எண்ணற்ற கணிப்புகளில் உட்கார்ந்திருக்கின்றது. அவ்வெண் எங்கிருந்து வந்தது? காற்றும் நீரும் எளிய முறையில் ஓடிய ஆய்வுகளிலிருந்து. அடர்த்தி பாகைக்குப் பாகை சரியும் கரிவளிக்கு அது பொருந்துமா என்பதை அந்த எண்ணிடம் கேட்டுப் பயனில்லை. கரிவளியிடம்தான் கேட்டல் வேண்டும்.

கேட்டவர்கள் உண்டு. அமெரிக்காவின் சாண்டியா நாட்டக ஆய்வகத்தார் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிறிய ஆய்வுச் சுற்று ஒன்றை அமைத்தனர். அவர்தம் அமுக்கியின் சக்கரம் 37 மில்லிமீட்டர் அகலம். உள்ளங்கையில் மூன்று விரலுக்குள் அடங்கும். அது மணித்துளிக்கு 75,000 சுற்றுச் சுற்றுமாறு வகுக்கப்பட்டது. உண்மை இயல்பளவுகளைக் கொண்டு முன்னரே கணித்த அழுத்தங்களை அளந்த அழுத்தங்கள் பெரிதும் ஒத்தன. கணிப்புக்கு இது வெற்றிதான். அதை மறைக்க வேண்டியதில்லை. பாடம் பிழையின்றி இருந்தால் உரையும் நிற்கும் என்பதற்கு அதுவே சான்று.

ஆனால் பொறி வேறு சிலவற்றையும் சொல்லிற்று. சுழல்தண்டைச் சூழ்ந்த இடத்தில் தேங்கும் கரிவளி அடர்ந்து இருப்பதால், தண்டு அதனோடு உராய்ந்தே ஆற்றலை இழந்தது. அவ்விடத்து வளியைத் தனி எக்கிகளால் உறிஞ்சி அழுத்தத்தைக் குறைத்த பின்னரே சுற்றலாயிற்று. வளிப்படலத்தின்மேல் மிதக்கும் தாங்கிகள் தொல்லை தந்தன. சுழலியின் வாய்க்குழல்களில் தேய்வு காணப்பட்டது. குழாய்ச்சுவர்களிலிருந்து பெயர்ந்த நுண்துகள்கள் அறுத்திருக்கலாம் எனக் கருதினர். இதழ்களின் ஊடே பாயும் ஓட்டத்தை மட்டும் கணித்த படம் எதிலும் அந்தத் துகள் இல்லை. ஏன் இல்லை? கணித்தவர் அதனை இடவில்லை. கணிப்பொறி இட்டதை எண்ணும், இடாததை நினைவூட்டாது.

தெக்சாசு நாட்டுச் சான் அந்தோணியோவில், தென்மேற்கு ஆய்வுக் கழகத்தின் வளாகத்தில் 10 மெகாவாட்டுக் கரிவளி மின்னிலையம் ஒன்று முன்னோட்டமாக எழுப்பப்பட்டது. அமெரிக்க அரசின் பொருளும் தனியார் நிறுவனங்களின் பொருளும் சேர்ந்த முயற்சி. 2018-இல் தொடங்கிய பணி 2023 அக்தோபரில் கட்டுமான நிறைவுற்றது. 2024-இல் அதன் சுழலி மணித்துளிக்கு 27,000 சுற்றினை எட்டியது. 500 பாகை வெப்பத்தில் எளிய சுற்றாக இயங்கி 4 மெகாவாட்டு அளவு மின்னையும் ஈன்றது. வகுத்த முழு வெப்பமோ 715 பாகை. கட்டி முடிக்கவே ஐந்தாண்டு, அதன்பின் முதற்படி. அங்குள்ளோர் கணிப்பில் வறியவரா? உலகின் தலைசிறந்த கணிப்பொறிகளும் மென்பொருள்களும் அவர்கள் கையில் உள்ளன. இருந்தும் மாழையை வார்த்து, திருகை முடுக்கி, கசிவுத்தடையைப் பொருத்தி, படிப்படியாகவே வெப்பத்தை ஏற்றினர். திரையை நம்பி நேரே 715-க்குத் தாவவில்லை. இந்த மெதுவான நடையைத்தான் பிறர் அவர்களிடம் கற்றல் வேண்டும். கற்பவரோ, அவர்தம் மென்பொருளை மட்டும் விலைக்கு வாங்கிக்கொண்டு வருகின்றனர்.

'ஒவ்வொன்றையும் கட்டிப் பார்ப்பதற்குப் பணம் எங்கே? கணிப்பினால் அன்றோ செலவு குறைகின்றது?' என்று கேட்பார் உளர். கேள்வி நயன்மையுடையதே. நூறு வடிவ இதழ்களை நூறு முறை வார்த்துப் பார்ப்பது பித்து. தொண்ணூற்றெட்டைத் திரையிலேயே கழித்துவிடலாம். கழித்தல் கணிப்பின் வேலை. எஞ்சிய இரண்டனுள் எது மெய் என்று தீர்ப்பது அதன் வேலையன்று. தொண்ணூற்றெட்டைக் கழித்த பெருமையால் நூற்றாவதற்கும் தானே தீர்ப்புச் சொல்லப் புகும்போதுதான் கணிப்பு தன் எல்லையைக் கடக்கின்றது.

இதுவரை கூறியன எந்நாட்டுக்கும் பொருந்தும். தமிழ்நாட்டுக்கென்று தனியே ஒன்று உண்டு. அதனைத்தான் இங்குள்ள பொறியாளர் உன்னுதல் வேண்டும்.

கரிவளிச் சுற்றின் ஊதியம் முழுவதும் அமுக்கியின் வாயிலில் வளி 31, 32 பாகைக்குக் குளிர்ந்து நிற்பதில் அடங்கியுள்ளது என்பது மேலே கண்டது. அந்த 32 பாகையை எவ்வாறு பெறுவது? சூழ்ந்துள்ள காற்றாலோ நீராலோ குளிர்வித்தல் வேண்டும். பெல்ஃபாசுட்டில் ஆண்ட்ரூசு கரிவளியை 31 பாகைக்கு ஏற்றுவதற்கு வெந்நீர் தேடினார். வேலூரில் சித்திரைக் கத்திரியில் நிழலிலேயே 40 பாகை. எந்த வெப்பமாற்றியும் தன்னைச் சூழ்ந்த காற்றைவிடச் சில பாகை மேலாகவே வளியைக் குளிர்விக்கும். அஃதாவது, 45 பாகை அளவில் வளி அமுக்கிக்குள் புகும். 80 பார் அழுத்தத்தில் அது நீர்மம் போன்ற பொருளாய் இராது. மெலிந்த வளிமமாய், கனமீட்டருக்கு 278-க்கும் குறைந்த அடர்த்தியோடு வந்து நிற்கும். அமுக்கி மறுபடியும் பெருந்தீனி தின்னும். தாழ்ந்த அழுத்தத்தை உயர்த்தி வகுத்தால் ஓரளவு ஈடுசெய்யலாம். அதற்குக் குழாயும் சுழலியும் அமுக்கியும் எல்லாமே வேறாக வகுக்கப்படல் வேண்டும். நீர் தெளித்துக் குளிர்விக்கலாம் என்றால், கதிரவன் வெம்மை கொழிக்கும் இராமநாதபுரத்தில் கோடையில் குடிக்கவே நீர் இல்லை.

குளிர்நாட்டு ஏட்டில் 32 பாகை என்று ஒரே ஒரு வரி இருக்கின்றது. அவ்வரியை மாற்றாமல் அந்த ஏட்டின் நூற்றுக்கு 50-ஐ மட்டும் பெயர்த்து இங்குள்ள திட்ட அறிக்கையில் எழுதினால், எழுதிய அன்றே அது பொய். பயனுறுதிறனைக் கடன் வாங்கலாம். வானிலையைக் கடன் வாங்க இயலுமா? மாசி இரவுக்கும் வைகாசி நண்பகலுக்கும் இடையே இருபது பாகை ஊசலாடும் ஊரில், அமுக்கி எல்லா நாளும் எல்லா மணிநேரமும் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைத் தனியே கணித்தல் வேண்டும். கணித்ததை இங்குள்ள வெயிலிலேயே நிறுத்தி அளத்தலும் வேண்டும். மின் தேவை உச்சிக்கு ஏறுவதும் அந்த வைகாசி நண்பகலில்தான்.

பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தார் மீமாறுநிலைக் கரிவளிக்கென ஓர் ஆய்வுச் சுற்றினை அமைத்துள்ளனர். நன்று. அத்தகையது ஒன்றிரண்டன்று, பல வேண்டும். தமிழ்நாட்டின் வெயிலிலும் வேண்டும். கல்பாக்கத்தில் 1985 முதல் சோடியத்தால் குளிர்விக்கும் ஈனுலை இருக்கின்றது. சோடியமும் நீரும் சேர்ந்தால் எரிந்து வெடிக்கும் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. அத்தகைய உலைகளில் நீராவிக்கு மாற்றாகக் கரிவளியைச் சுழற்றலாம் என்பது பல நாடுகளில் ஆராயப்படுவது. கரிவளியும் உயர்வெப்பத்தில் சோடியத்தோடு வினைபுரியும். நீரளவு கடுமையாகப் புரிவதில்லை என்பதே வேறுபாடு. அங்கே ஒரு கணிப்புப் பிழையின் விலை, மின் கட்டணத்தோடு போகாது.

பொறியியல் கல்லூரிகளில் நடப்பதை அறிந்தோர் அறிவர். இறுதியாண்டு மாணவன் ஒரு சுழலியிதழை எங்கிருந்தோ எடுத்து, மென்பொருளில் இட்டு, பட்டியலில் கரிவளி என்று இருப்பதைத் தொட்டு, இரவோடிரவாக ஓடவிட்டு, செம்மையும் நீலமுமாய் முப்பது படங்களை ஒட்டி ஏடு கட்டுகின்றான். பட்டியலில் அவன் தொட்டது நல்லியல்பு வளிமமா, மெய்வளியா என்று அவனுக்கும் தெரியாது; தேர்வாளரும் கேட்பதில்லை. அவன்மேல் குற்றமில்லை. கண்ணாடிக் குழலை அவனுக்கு யாரும் காட்டியதில்லை.

வழியில்லாமலும் இல்லை. இத்தகைய ஏடு எதனையும் ஏற்பதற்கு முன் கல்லூரியும் அரசுத்துறையும் நான்கே கேள்விகளைக் கேட்கட்டும். கரிவளியின் இயல்புக்கு எந்தச் சமன்பாடு? அட்டவணையின் வரிகள் எத்தனை பாகைக்கு ஒன்று? கண்ணறைகளை இரட்டித்தபோது விடை மாறிற்றா? எந்த ஆய்வகத்தின் எந்த அளவையோடு ஒப்பிட்டது? நான்காவதற்கு விடையில்லையேல், மற்ற மூன்றுக்கும் விடை இருந்தும் அவ்வேட்டின் எண்ணை எந்தத் திட்டத்திலும் ஏற்றலாகாது. மாணவனுக்கோ, முப்பது படத்திற்கு முன்னால் ஒன்றே ஒன்று: தடித்த கண்ணாடிச் சாளரம் வைத்த சிறு அழுத்தக்கலம், அதில் கரிவளி, வல்லார் ஒருவர் உடன் நின்று காக்க, குளிர்ந்த நீரில் தொடங்கி மெல்ல வெப்பம் ஏற விடுதல். 31 பாகையில் கோடு மறைவதை அவன் தன் கண்ணால் காணட்டும். ஆண்ட்ரூசுக்கு வேண்டியிருந்த வெந்நீர்கூட அவனுக்கு வேண்டா. வேலூரில் பங்குனி பிறந்தால் கலத்தை மேசைமேல் வைத்துக் காத்திருந்தாலே போதும்.